சதுப்பு மேப்பை அழிக்க விடவில்லை

அந்த மேப்பைக் குப்பை என்று சொன்னவர்களில் முக்கால்வாசிப் பேர் அதற்குள் பத்து நிமிடம் ஒழுங்காக நடந்ததில்லை. நடக்கத் தெரியாமல் விழுந்துவிட்டு நிலத்தைத் திட்டுகிறார்கள். எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அது மிருகங்களை வேட்டையாடும் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. விளையாட்டோடு பைன் காடும் புல்வெளியும் வரும். மற்ற இடங்களைத் தனித்தனி மேப்பாக வாங்கிச் சேர்க்க வேண்டும். அப்படி விற்றதில் ஒன்று சதுப்பு நிலம். கறுத்த தண்ணீர், ஆள் உயரத்துக்கு நாணல், காலையில் எதையும் மறைக்கும் மூடுபனி. ஒன்றுமே தெரியவில்லை, கால் நகரவில்லை, மிருகமெல்லாம் ஓடிவிடுகிறது என்று ஆளாளுக்கு வீடியோ போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு, விளையாடாதவனும் அதையே சொன்னான்.

நான் தண்ணீர் மோட்டார் பழுதுபார்ப்பவன். மாத்தளையில் வாடகை அறை. வேலை நாவுலப் பக்கமும் யட்டவத்தப் பக்கமும், வயலிலும் மரக்கறித் தோட்டத்திலும். மோட்டார் ஒருநாளும் காய்ந்த தரையில் நின்று பழுதாவதில்லை. வாய்க்காலில் இறங்கி, முழங்கால் சேற்றில் நின்றுதான் கழற்ற வேண்டும். மோட்டார்காரன் பிந்தி வந்தால் திட்டு, சீக்கிரம் முடித்தால் ஏமாற்றிவிட்டான் என்று அதற்கும் திட்டு. ஞாயிறு காலை மட்டும் எனக்கு. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு அக்கா நடத்தும், போனும் போட்டோகொப்பியும் எடுக்கும் கம்யூனிகேஷன் கடையின் பின்னறையில் நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. என்னிடம் கம்ப்யூட்டர் கிடையாது. அங்கே போனால்தான் விளையாட்டு.

என்னோடு விளையாட மூன்று பேர் வருவார்கள். ஒருவன் வங்கியில் வேலை, ஒருவன் மருந்துக்கடை, மற்றவன் பலாபத்வலயிலிருந்து வரும் வேன்காரன். மூவருக்கும் முப்பது வயதுக்குள்தான். சதுப்பு மேப்பை நான் என் காசில் வாங்கிப் போட்ட நாளிலிருந்து என்னைக் கிண்டலடிப்பதுதான் அவர்களுக்கு வேலை.

"அண்ணே, கெழம பூரா சேத்துல நிக்கிறது பத்தலையா? ஞாயித்துக்கெழமையும் அதுலயே போயி வுழுறீங்க" என்பான் மருந்துக்கடைக்காரன்.

"நீ மருந்து வாடையோட வந்து ஒக்கார்ற. நான் ஏதாச்சும் சொன்னேனா?" என்பேன்.

ஒரு ஞாயிறு அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, புதுசா பனிமலை மேப் ஒன்னு வந்திருக்காம். இவங்க மூணு பேரும் கேக்குறாங்க. கம்ப்யூட்டர்ல எடமில்ல. ஒங்க சேத்து மேப்ப அழிச்சிரப் போறேன். கோவிச்சுக்காதீங்க."

"கோவிக்காம? நான் காசு குடுத்து வாங்கினது அக்கா அது!"

"வாங்கினது நீங்க. கம்ப்யூட்டர் என்னோடது."

அழித்தால் அழித்ததுதான், திரும்ப இறக்கும் அளவுக்கு அந்தக் கடையில் டேட்டா கிடையாது. மாத்தளையில் பிறந்தவனுக்குப் பனி எதற்கு? மார்கழிக் குளிருக்கே இரண்டு சுவெட்டர் போடுகிற கூட்டம். சதுப்பு ஒன்றுதான் எனக்குத் தெரிந்த மண். அதற்குள் போனால் யாரும் என்னைத் திட்டுவதில்லை. அதையும் பிடுங்குகிறார்கள்.

வங்கிக்காரன் பின்னாலிருந்து வாயை விட்டான். "அண்ணே, இவ்ளோ நாள்ல அதுல ஒரு தங்கம் எடுத்திருக்கீங்களா?"

இந்த விளையாட்டில் சுட்ட மிருகத்துக்குப் பதக்கம் உண்டு. மிகப் பெரியதுக்குத்தான் தங்கம். எனக்குச் சதுப்பில் வெள்ளிதான் கிடைத்திருந்தது. அவன் குத்திக் காட்டியது உண்மை. அதுதான் இன்னும் சுட்டது.

"வர்ற பௌர்ணமி போயா லீவுக்கு நாலு பேரும் சேர்ந்து எறங்குவோம்" என்றேன். "பகல் சாப்பாட்டுக்குள்ள நான் ஒரு தங்கம் எடுத்தா மேப் இருக்கணும். இல்லாட்டி அழிங்க, நான் வாய தொறக்க மாட்டேன்."

"ஹரி" என்று சிங்களத்தில் சம்மதித்தார் அக்கா. "அப்புறம் பேச்சு மாறக்கூடாது. யாரும்."

போயா அன்று ஒன்பது மணிக்கு உட்கார்ந்தோம்.

"போயான்னு ஊர்ல எறச்சிக்கடையே மூடிக் கெடக்கு. நாம பன்னி சுடுறோம்" என்றான் வேன்காரன்.

மேப் திறந்ததும் மூவரும் நேராகப் போய்க் காவல் கோபுரத்தில் ஏறினார்கள். எனக்குத் தெரியும், அங்கேதான் போவார்கள். மலையில் வளர்ந்தவனுக்கு எதையும் மேலே ஏறி நின்று பார்த்தால்தான் திருப்தி. நானும் முதலில் இதே முட்டாள்தனத்தைச் செய்தேன். தட்டையான சதுப்பில் மேடு தேடி மூன்று ஞாயிறு அலைந்தேன். அந்தக் கோபுரத்தில் ஏறினால் மூடுபனியின் முதுகுதான் தெரியும். காற்று நம் வாடையை நாலா பக்கமும் கொண்டுபோகும். மேப்பைக் குப்பை என்ற எல்லா வீடியோவிலும் ஆள் கோபுரத்தில்தான் நின்றான்.

நான் தண்ணீரில் இறங்கினேன்.

அந்த மேப்பைச் செய்தவன் யாரோ, நிச்சயமாக ஒருநாள் சேற்றில் நின்றவன். அதில் கொக்குகள் உண்டு. எல்லோரும் அலங்காரம் என்று நினைத்த கொக்குகள். அவை நிற்கும் இடத்தில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அவற்றின் வரிசையைப் பார்த்து நடந்தால் சத்தமில்லாமல் போகலாம். நாவுல வயலில் நான் மோட்டாரைத் தூக்கிக்கொண்டு நடப்பதும் அப்படித்தான். குனிந்து, கீபோர்ட் விசையை லேசாகத் தொட்டுத் தொட்டு நகர்ந்தேன். கரையில் புதிய குளம்புத் தடம் இருந்தது. என் உள்ளங்கை அகலம்.

பத்தரை இருக்கும். மூடுபனி கொஞ்சம் விலகியதும் அதைப் பார்த்தேன். சேற்றுக் குழியில் புரண்டுகொண்டிருந்தது ஒரு ஆண் பன்றி. அப்படி ஒரு உடம்பை அந்த விளையாட்டில் நான் பார்த்ததே இல்லை. துப்பாக்கியைத் தூக்கினேன்.

டமால். நான் சுடவில்லை. கோபுரத்தில் சும்மா இருக்க முடியாத வங்கிக்காரன் வாத்து ஒன்றைச் சுட்டிருந்தான். சதுப்பிலிருந்த கொக்கு அத்தனையும் எழும்பின. பன்றி நாணலுக்குள் பாய்ந்து மறைந்தது.

"ஏன்டா சுட்ட? அறிவிருக்கா ஒனக்கு?" என்று நான் கத்தியதில் முன்னால் போட்டோகொப்பி எடுக்க நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"போட்டின்னா எல்லாரும்தான் சுடுவாங்க அண்ணே. நீங்க மட்டும் சுடணும்னு சட்டமா?"

எழுந்து அறைந்திருப்பேன். எழுந்தால் ஆட்டம் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் இருந்தேன். விசையைத் தொடவே இல்லை. மற்ற மூவரும் பொறுமையிழந்து கீழே இறங்கி, தண்ணீரில் தபதபவென்று எதிர்ப்பக்கமாக ஓடினார்கள். ஓடட்டும் என்று விட்டேன்.

கொக்குகள் ஒவ்வொன்றாகத் திரும்பி இறங்கின. எல்லா இடத்திலும் இறங்கின, ஒரு நாணல் புதரைத் தவிர. அதற்கு மேலே வந்தவை எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விலகிப் போயின. வயலில் வரப்போரம் நாய் படுத்திருந்தால் கொக்கு இப்படித்தான் செய்யும். இதை நான் எத்தனை தடவை நிஜத்தில் பார்த்திருக்கிறேன்! பன்றி தூரம் போகவில்லை. அங்கேயேதான் நிற்கிறது.

காற்று எந்தப் பக்கம் என்று பார்த்தேன். பெரிய வட்டமாகச் சுற்றி, அந்தப் புதருக்குப் பின்பக்கம் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது. கழுத்து பிடித்துக்கொண்டது. அக்கா எப்போது வந்து என் பின்னால் நின்றார் என்று தெரியாது. "தம்பி, அந்தா காது ஆடுது" என்று மூச்சை அடக்கிக்கொண்டு சொன்னார். எனக்கும் தெரிந்தது. காதுக்குப் பின்னால், தோளுக்குக் கொஞ்சம் கீழே குறி வைத்தேன்.

ஒரே குண்டு. பன்றி இரண்டு அடி வைத்து விழுந்தது.

பக்கத்தில் போய் விசையை அழுத்தினேன். திரையில் பதக்கம் சுழன்று வந்தது. தங்கம். வேன்காரன்தான் முதலில் எழுந்து வந்து என் முதுகில் ஓங்கி அடித்தான்.

"சாமி சத்தியமா அண்ணே, இது பன்னியில்ல, லொறி!"

வங்கிக்காரன் மட்டும் திரையையே பார்த்துக்கொண்டு, "குருட்டு அதிர்ஷ்டம்" என்றான்.

"போடா" என்றேன். "கொக்கு எங்க நின்னுச்சுன்னு சொல்லு பாப்போம்."

அவனுக்கு அதில் கொக்கு இருந்ததே தெரியாது.

அக்கா பேச்சு மாறவில்லை. அப்போதே உட்கார்ந்து, பனிமலைக்கு இடம் எடுக்கக் கார் பந்தய விளையாட்டை அழித்தார்.

"அக்கா, அது நான் வெளையாடுறது!" என்று அலறினான் வங்கிக்காரன்.

"பனிமலை கேட்டது நீங்கதானே? எடம் வேணும்ல" என்றார் அக்கா.

நான் அவனுக்கு ஆறுதல் சொல்லவில்லை. நானும் பன்றியும் பதக்கமும் சேர்ந்து நிற்கும் படத்தைக் கலரில், பெரிய தாளில் அச்சடித்துத் தரச் சொன்னேன். அக்கா இரண்டு எடுத்தார். ஒன்று என் அறையில் இருக்கிறது. மற்றதைப் போட்டோகொப்பி மெஷினுக்கு மேலே அவரே ஒட்டிவிட்டார். வங்கிக்காரன் எதைக் கொப்பி எடுக்க வந்தாலும் அதற்குக் கீழேதான் நிற்க வேண்டும். நான் இருக்கும் நேரம் வந்தால், இன்னும் ஒரு கொப்பி எடுத்துக்கொள்ளச் சொல்வேன்.