கல்லுக்கு ஒரு பிடி

கிண்ணத்தில் கொஞ்சமாய்த் தானியம் கொண்டு வருகிறவர்களைக் கண்டால், மாவு மில்லுக்கார அக்கா முதுகைத் திருப்பிக்கொள்வாள். தன் டப்பாவிலிருந்து ஒரு பிடி கோதுமையை எடுத்து முதலில் மில்லின் வாயில் போடுவாள். அரைக்கிற கல் எப்போதும் ஒரு பிடி மாவைத் தனக்கென்று உள்ளே பிடித்துக்கொள்ளும். மூட்டையாய்க் கொண்டு வருகிறவனுக்கு அது தெரியாது. கிண்ணத்தோடு வருகிறவளுக்கோ அது ஒரு வேளைச் சாப்பாடு. அந்தப் பிடி தன்னுடையதாய்ப் போகட்டும், கடவுள் பார்த்தால் போதும் என்று இருந்துவிடுவாள் அக்கா.

கடவுளைத் தவிர இதைப் பார்த்தவள் பக்கத்துத் தையல்கடைக்காரி ஒருத்திதான். இரண்டு கடைக்கும் நடுவே ஒரே சுவர். மில் ஓடினால் இவள் ஆணியில் மாட்டிய கத்தரிக்கோல் ஆடும்.

மின்கட்டணம் ஏறியது, வாடகை ஏறியது, மோட்டார் பெல்ட்டின் விலையைக் கேட்டால் தலை சுற்றியது. அக்கா மட்டும் அரைக்கிற கூலியை ஏற்றவில்லை. ஏற்றினால் கிண்ணத்தோடு வருகிறவர்கள் எங்கே போவார்கள்?

"அந்த ஒரு பிடியையாவது நிறுத்துங்கக்கா" என்றாள் தையல்கடைக்காரி.

"ஏண்டி, அதை நிறுத்தி மாளிகையா கட்டப் போறேன்?"

இருவரும் மின்சார அலுவலகத்துக்குப் போய்ச் சலுகை கேட்டார்கள். பெரிய ஆலைகளுக்குத்தான் உண்டு, சின்னக் கடைக்கு இல்லை என்றார் அங்கிருந்தவர். பாவம், அவரும் தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள். "இன்னும் கொஞ்சம் கொழுத்துட்டு வரச் சொல்றாங்கடி."

அன்றிலிருந்து மில்லுக்கு மேலே தொங்கிய விளக்கை அவள் போடவே இல்லை. மிச்சம் பிடிக்க வேறு எதுவும் அவளிடம் இல்லை. மில் சத்தத்திலேயே காலம் தள்ளி அவளுக்குக் காது பாதி போயிருந்தது. தானியம் தீர்ந்ததைக் கண்ணால் பார்த்துத்தான் நிறுத்துவாள்.

ஒரு மழை நாள் மாலை சுவரின் சத்தம் மாறியது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு அழுவதுபோல் இருந்தது. தையல்கடைக்காரி துணியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"அக்கா, நிறுத்துங்க. வெறுங்கல்லு ஓடுது."

இருட்டில் அக்கா மில்லின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆழத்தில் கிடந்த நிழலைக் கோதுமை என்று நினைத்திருந்தாள். கருகிய வாசனை மூக்கில் ஏறியது. கல் விரிசல் விட்டிருந்தது.

புதுக் கல்லுக்கு வழியில்லை. கடன் கேட்ட இடத்தில் கடையை அடமானம் வைக்கச் சொன்னார்கள். கடையோ வாடகைக் கடை. விரிசல் விட்ட மில்லை வாங்கவும் ஆள் வரவில்லை. அது உள்ளேயே கிடக்க, ஷட்டர் இறங்கியது.

இப்போதும் பொழுது சாய்கிற நேரத்தில் சுவர் முனகுகிறது. கத்தரிக்கோல் லேசாய் ஆடுகிறது. "காத்துடி" என்கிறான் தையல்கடைக்காரியின் புருஷன். ஜன்னல் சாத்தித்தான் இருக்கிறது. அவள் கடவுளை வேண்டிக்கொண்டு தையல் மிஷினை மிதித்துக்கொண்டே இருக்கிறாள். காலை எடுத்தால் அந்தச் சத்தம் கேட்டுவிடும்.

ஷட்டரைப் பூட்டிவிட்டு அண்ணன் வீட்டோடு போய்விடப் புறப்பட்ட அன்றே, அக்கா தையல்கடை வாசலில் வந்து நின்றாள். நகக்கண்ணில் இன்னும் மாவு இருந்தது. உள்ளே வந்து உட்காரச் சொன்னதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். சுவரை ஒரு தரம் தடவிப் பார்த்தாள்.

"சத்தம் கேட்டா பயந்துக்காதே. வெறும் வாயோட அதை விட்டுட்டு வர மனசு வரல. ஒரு பிடி போட்டுட்டுத்தான் பூட்டினேன்."