செங்கோடன் வீட்டுக் கூறு

எங்க ஆபீஸ் செங்கோடனுக்குச் சொரணையே கிடையாதுன்னு பதினோரு வருஷமா நெனச்சுக்கிட்டிருந்தேன். ஆபீஸ் இருக்குற இந்த மலையிலயே பொறந்து வளந்த அரியூர் நாட்டுக்காரர். விடிஞ்சதும் மரவள்ளிக் காட்டுல ஒரு சுத்து வேலையை முடிச்சுட்டு வந்து ஆபீசைத் திறக்குற உதவியாளர். மத்த அஞ்சு பேரும் மலைக்குக் கீழேயிருந்து வந்தவங்க. மத்தியானம் மேஜையைச் சேத்துப் போட்டுச் சாப்பிடுவோம், அவரை மட்டும் கூப்பிட மாட்டாங்க. மேனேஜர் ஈஸ்வரமூர்த்தி சார் அவருக்குன்னு தனி டம்ளரே வச்சிருந்தார். என்ன ஜென்மங்களோ!

"உனக்கு வேற வேலை இல்லையா பிரிசில்லா?"ன்னு சார் எரிஞ்சு விழுற அளவுக்கு நான் அதுக்காகச் சண்டை போட்டிருக்கேன். ஒரு தடவை அந்தக் கோவத்துல என்னையும் ரெண்டு நாள் சாப்பிடக் கூப்பிடலை. ரூமுக்குப் போய்த் தலகாணி நனைய அழுதேன். செங்கோடன் என்னடான்னா வாசப்படியில உக்காந்து களியை உருட்டி முழுங்கிக்கிட்டே, "உடுங்க மேடம், இங்க காத்தாட நல்லாத்தான் இருக்குதுங்க"ன்னு சிரிப்பார். எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

மாசி மாசம் ஒரு நாள் காலையில, பெரியப்பா செத்துட்டார், லீவு வேணும்னு செங்கோடன் போன் பண்ணினார். அன்னைக்குன்னு பாத்து மேலதிகாரி வர்றார், சாவி இவர்கிட்ட, சார் வேற லீவு. "அண்ணே, அவர் கெளம்பினதும் போயிடுங்க"ன்னேன். அந்த மகராசன் கெளம்பும்போது மணி அஞ்சு. ஊர்ல அடக்கமே முடிஞ்சிருந்தது. செங்கோடன் ஆபீசைப் பூட்டிட்டுக் கெளம்பினார். அதோட நான் மறந்துட்டேன்.

சித்திரையில அவங்க ஊர்த் திருவிழாவுக்கு, அவங்க பேச்சுல நோம்பிக்கு, என்னைக் கூப்பிட்டிருந்தார். கெடா வெட்டி, கறியை இலை போட்டு வீட்டுக்கு ஒரு கூறுன்னு வச்சாங்க. ஊர்ப் பெரியவர் குழந்தைசாமி ஒவ்வொரு வீடாப் பேர் சொல்ல, ஒவ்வொருத்தரா வந்து எடுத்துக்கிட்டாங்க. செங்கோடன் துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு முன்னாலயே நின்னார். இலையெல்லாம் தீந்துபோச்சு. அவர் பேர் வரலை.

"மாமா... எங்க ஊடு?"

"பெரியப்பனைத் தூக்க வராத ஊட்டுக்கு எதுக்குச் சாமி கூறு?"

அம்பது வயசு மனுஷன் அப்படியே மண்ணுல விழுந்து நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதார். "ஐயா, தப்பு என்மேல! நான்தான் அன்னைக்கு விடலை!"ன்னு கத்தினேன்.

குழந்தைசாமி என்னை மரியாதையாத்தான் பாத்தார். "நீங்க வேலைக்கு வந்தவங்க. உங்களைச் சொல்லி என்னங்க ஆவுது? அவனில்ல எல்லாத்தையும் போட்டுட்டு ஓடியாந்திருக்கோணும்."

செங்கோடனைத் தூக்கி உக்கார வச்சேன். மனசு ஆறலை, கேட்டுட்டேன். "அண்ணே, பதினோரு வருஷமா நாங்க ஒதுக்கி வச்சப்பல்லாம் சிரிச்சீங்களே. ஒரு இலைக் கறிக்கா இப்படி?"

துண்டால மூஞ்சியைத் தொடச்சுக்கிட்டு என்னைப் பாத்தார். கோவமே இல்லை.

"நீங்க யாருங்க மேடம் எனக்கு?"

பஸ் வந்ததும் யார்கிட்டயும் சொல்லிக்காம ஏறிட்டேன்.

மறுநாள் ஆபீஸ் நேரத்துக்குத் திறந்திருந்தது. டம்ளரெல்லாம் கழுவிக் கவுத்தாச்சு. "காப்பி போடட்டுங்களா மேடம்?"னு கேட்டு, எப்பவும்போலச் சிரிச்சார். நான் தலை நிமிரவே இல்லை.