ஓசூர்க் குளிரில் ஒரு காரும் கோழிக்குஞ்சுகளும்

ஓசூரிலிருந்து விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கிருஷ்ணகிரிக்குப் புறப்பட வேண்டிய முதல் பஸ் அன்று புறப்படவில்லை. மார்கழி மாதம். சென்னைவாசியான என்னிடம் குளிருக்கென்று இருந்தது ஒரு சால்வை மட்டும். ஓரணா கொடுத்து வாங்கிய டீயைக் குடித்த நேரத்தைவிட, உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டு நின்ற நேரமே அதிகம்.

அப்போது ஒரு கறுப்புக் கார் டீக்கடை முன்னால் வந்து நின்றது. பின் சீட்டில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில் துளை போட்ட அட்டைப்பெட்டிகள். அவற்றிலிருந்து ஒரே கீச்சுச் சத்தம்.

"கிருஷ்ணகிரிக்குங்களா? பஸ்ஸு இன்னிக்கு வராதுங்க, அச்சு ஒடஞ்சி நிக்குது. முன்னாடி ஏறிக்குங்க" என்றார்.

அவர் பெயர் ராஜம்மாள். மத்தூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம். கார் கிருஷ்ணகிரியில் இருக்கும் அவருடைய அண்ணனுடையது. வெள்ளைக்காரர் ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. பெட்டிகளில் இருந்தவை ஓசூர்ப் பண்ணையில் முந்தின நாள் பொரித்த சீமைக் கோழிக்குஞ்சுகள்.

"போன வருசம் பஸ்ஸுல கொண்டுட்டுப் போனனுங்க. ஊரு சேர்றதுக்குள்ள அத்தனையும் குளுர்ல வெறச்சிப் போச்சு. இந்தத் தபா செத்துதுன்னா கோழிப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டாரு எங்க வூட்டுக்காரரு. அதான் அண்ணன்கிட்டக் கேட்டு இந்தக் காரக் கொண்டாந்தேன். இதுல சூட்டுக் காத்து வர்ற மிசினு இருக்குதில்ல!"

மிஷின் இருந்தது. ஊர் எல்லை தாண்டியதும் டிரைவர் முனியப்பா அதன் பொத்தானைத் திருகினார். காற்றும் வந்தது. வெளியில் இருந்த குளிர் போதாது என்று உள்ளேயும் பனியை வாரி இறைத்தது.

"வெள்ளைக்காரர் போகும்போது சூட்டை மட்டும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார் போலிருக்கிறது" என்றேன். ராஜம்மாள் சிரிக்கவில்லை.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே முப்பத்திரண்டு மைல். சூளகிரிக்குச் சில மைல் இருக்கும்போது, "அண்ணா, வண்டிய நிறுத்துங்க. சத்தம் கொறையுது" என்று டிரைவரிடம் சொன்னார் ராஜம்மாள். எனக்கு அந்தக் கீச்சுச் சத்தம் குறைந்தது நிம்மதியாகத்தான் இருந்தது. அவர் பெட்டியைத் திறந்தபோதுதான் விஷயம் புரிந்தது. குஞ்சுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி ஒடுங்கிக் கிடந்தன. பெருந்தன்மையோடு என் சால்வையைக் கழற்றிக் கொடுத்தேன் என்று எழுத ஆசைதான். அவர் அதைப் பார்த்த பார்வையில் கொடுத்தேன்.

"இது காத்தத்தான் தடுக்குங்க. அதுங்களுக்குச் சொந்தமா ஏதுங்க சூடு? தாய்க்கோழி இருந்தா ரெக்கைக்குள்ள வச்சிக்கும்" என்றார்.

முனியப்பா என்ஜின் மூடியைத் தூக்கினார். அவர் யோசிப்பது தெலுங்கில், திட்டுவது கன்னடத்தில், எங்களிடம் பேசுவது தமிழில். சூட்டுக் காற்று தரும் ஹீட்டருக்கு என்ஜினிலிருந்து வெந்நீர் போகும் குழாயின் திருகு திறந்துதான் இருந்தது. அடுத்து, அந்தத் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டரின் மூடியை வெறுங்கையால் திறந்தார். தண்ணீர் தளும்ப நின்றது. ஹீட்டருக்குப் போகும் ரப்பர் குழாயையும் திரும்பி வரும் குழாயையும் இரண்டு கைகளாலும் பிடித்துப் பார்த்தார். பிடித்தபடியே நின்றுவிட்டார்.

"தண்ணி நல்லாத்தான் ஓடுதுங்க சார். ஆனா தண்ணியே சுடல. பத்து மைலு ஓடின வண்டியில மூடியக் கையால தெறக்க முடியுதே, பாருங்க!" என்றவர், திடீரென்று தலையில் கை வைத்துக்கொண்டார். "அம்மா, தப்பு என்னுதுதாங்க. வெயில் காலத்துல அந்த வால்வ நான்தான் கழட்டிப் போட்டேன்."

என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் தடுக்கும் சிறு வால்வு அது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் மேடு ஏறும்போது தண்ணீர் கொதிக்கிறதென்று இந்தப் பாதையில் ஓடும் டிரைவர்கள் செய்யும் முதல் வைத்தியம் அதைப் பிடுங்கி எறிவதுதானாம். கொதிப்பது நின்றது. கூடவே சூடும் போய்விட்டது. மார்கழியில் ஹீட்டர் தேவைப்படும் என்று கிருஷ்ணகிரிக்காரர் யார் நினைப்பார்?

இனி வால்வுக்கு எங்கே போவது? ராஜம்மாள் கேட்டது ஒன்றே ஒன்று: "ரேடியேட்டருக்குக் காத்துப் படாம பண்ணா சூடாவுமாண்ணா?"

முனியப்பா ஒரு நொடி அவரைப் பார்த்தார். அடுத்த நொடி டிக்கியில் கிடந்த கோணிச் சாக்கை உருவி, இரண்டாக மடித்து, ரேடியேட்டர் முன்னால் கட்டினார். இறக்கத்தில் என்ஜினைச் சும்மா விடாமல் இரண்டாவது கியரிலேயே உறும உறும ஓட்டினார். சூடு காட்டும் முள் எழுந்திருக்க மனமில்லாதவரைப் போல மெல்ல மெல்ல எழுந்தது. சூளகிரி கடைத்தெருவைத் தாண்டும்போது என் கால்விரல்களில் முதலில் உணர்ந்தேன். வெந்நீரில் கால் வைத்தது போன்ற சுகம்! பெட்டிகளைத் தூக்கி முன்னால், என் காலடியில் வைத்தோம். கொஞ்ச நேரத்தில் கீச்சுச் சத்தம் மறுபடி ஆரம்பித்தது. நான் கேட்ட கச்சேரிகளில் அதற்கு இணை கிடையாது. தன் தப்பைத் தானே உரக்கச் சொன்ன டிரைவரையும், அவரைத் திட்டுவதில் ஒரு நிமிஷத்தையும் வீணாக்காத அந்த அம்மாளையும் நினைக்க நினைக்க எனக்கு மதிப்பு கூடிக்கொண்டே போனது.

எட்டு மணிக்குக் கிருஷ்ணகிரி. மலைக்கு மேலே சூரியன் நன்றாக ஏறியிருந்தது. பஸ் நிலையத்தில் காத்திருந்த ராஜம்மாளின் கணவர் காரை நெருங்கி, "எத்தன செத்துச்சு?" என்றார்.

ராஜம்மாள் பெட்டியைத் திறந்தார். மஞ்சள் தலைகள் எல்லாம் ஒரே சமயத்தில் நிமிர்ந்து கத்தின. அந்த மனிதர் குனிந்து விரலை உள்ளே நீட்டினார். ஒரு குஞ்சு அவர் விரலைக் கொத்தியது.

நான் பிடிக்க வேண்டிய சென்னை பஸ் ஹாரன் அடித்தது. சால்வையைக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் ராஜம்மாளின் கணவர் அதை எடுத்துப் பெட்டிகளுக்கு மேலே கூரையாக இரண்டு கைகளாலும் விரித்துப் பிடித்துவிட்டார்.

"நெழலுக்குக் கொண்டா புள்ள. வெயிலு பட்டா குஞ்சுங்க தாங்காது" என்று மனைவியை அதட்டினார்.

எங்கள் சென்னை வீட்டில் அந்தச் சால்வை அலமாரியில்தான் கிடந்திருக்கும். கேட்காமலே பஸ் ஏறினேன்.