ஆற்றுத்துறையில் நான் காணாதது

பாளையங்கோட்டையிலிருந்து வந்த பிரசங்கியார் இருந்தார். எங்கள் சபைப் பாதிரியாரான ஐயர் இருந்தார். உபதேசியார் இருந்தார். நான் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர் முன்னால் நாற்காலியில் இருந்தார். அம்பாசமுத்திரத்து வக்கீல் குமாஸ்தா ஒருவர் இருந்தார். பெண்கள் பக்கம் என் மனைவி ஞானம்மாள் இருந்தாள். சுவருக்கு வெளியே, சிறையில் இருந்த சுடலையின் மனைவி மாடத்தி நின்றாள். கடைசிப் பாயில் நான், வேதமுத்து.

சக்கரவர்த்திக்கு டெல்லியில் முடிசூட்டியதற்கு அடுத்த வருஷம், வைகாசிக் கடைசி. விசுவாசமும் நன்னடக்கையும் என்று வேதக்கோயில் முற்றத்தில் பொதுப் பிரசங்கம் வைத்தோம். எந்த மதத்தாரும் வரலாம், கேள்வி கேட்கலாம் என்று ஐயர் ஊரெல்லாம் சொல்லியிருந்தார்.

அதற்கு முந்தின மாசியில் நிலத்துக்காரருடைய ஏர்மாடுகள் களவு போயின. அவருக்குச் சுடலைமேல் பழைய பகை. என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே வேதமுத்து, நீ வேதக்காரன். ஒன் சொல்ல கோர்ட்டுல நம்புவாங்க. ஆத்துத்துறையில சுடலை மாட்ட ஓட்டிட்டுப் போனதப் பாத்தேன்னு சொல்லிரு. அடுத்த போகமும் நிலம் ஒனக்குத்தான்."

நான் துறையில் யாரையும் பார்க்கவில்லை. ஆனாலும் கோர்ட்டில் வேதபுத்தகத்தில் கை வைத்தேன். பார்த்தேன் என்றேன். வேதக்காரன் பொய் சொல்லமாட்டான் என்று நீதிபதி நம்பினார். சுடலைக்கு ஒரு வருஷம் போட்டார்.

அன்று முதல் என்னால் ஜெபம் பண்ண முடியவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். ஆண்டவரே, நான் வாய் திறக்காமல் அவனை விடுவியும் என்றேன். மூன்று மாதம் இதையே கேட்டேன். பதில் இல்லை. சோறு இறங்கவில்லை. உடம்பு பாதியாயிற்று. செத்தால் நல்லது என்று நினைத்தேன்.

பிரசங்கம் முடிந்தது. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பிரசங்கியார். மாடத்தி சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஐயா, பொய்ச்சாட்சி சொன்னவன் ஜெபம் பண்ணுனா ஒங்க சாமி கேப்பாரா?"

பின்னால் ஒருவன் சிரித்தான். "நல்லாக் கேளு தாயி! புத்தகத்துல கை வச்சவரு இங்கனதான் இருக்காரு!"

பிரசங்கியார் வெளியூர். அவருக்கு ஒன்றும் தெரியாது. "கேட்பார், அம்மா. ஆனால் சொன்ன பொய்யை முதலில் திரும்ப எடுக்கச் சொல்லுவார்" என்றார்.

எழப் பார்த்தேன், முடியவில்லை. ஆண்டவரே, எழுப்பிவிடும் என்றேன். அவ்வளவுதான் ஜெபம். அடுத்து நான் நின்றுகொண்டிருந்தேன். எப்படி எழுந்தேன் என்று எனக்குத் தெரியாது.

"நான் சுடலையைப் பார்க்கல. பொய் சொன்னேன்."

நிலத்துக்காரர் திரும்பினார். "உக்காருலே கிறுக்கா. இவனுக்குக் காய்ச்சல் கண்டிருக்கு வே!"

ஞானம்மாள் எழுந்தாள். "காய்ச்சலா? அது இன்னைக்குத்தான் விட்டிருக்கு, ஐயா."

மாடத்தி சுவரைப் பிடித்தபடி அழுதாள்.

மறுநாள் ஐயர் என்னோடு கோர்ட்டுக்கு வந்தார். எல்லாம் சொல்லிக் கைநாட்டு வைத்தேன். ஆனி மாதம் சுடலையை விட்டார்கள். பொய்ச்சாட்சிக்கு எனக்கு ஆறு மாதம் போட்டார்கள். நிலம் போயிற்று. சிறையில் முதல் ராத்திரி ஜெபம் பண்ணினேன். வார்த்தை வந்தது. நன்றாகத் தூங்கினேன்.

இப்போது கூலிக்கு உழுகிறேன். சுடலை என்னோடு பேசுவதில்லை. அது அவன் நியாயம். ஞானம்மாளும் மாடத்தியும் ஒன்றாக நாற்று நடப் போகிறார்கள். அதற்கும் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

நான் கேட்டபடி அவர் செய்யவில்லை. செய்யாததற்காகவே நன்றி சொல்லுகிறேன். சகோதரரே, உங்களுக்குள் இப்படி ஒரு பொய் கிடந்தால் எழுந்து சொல்லிவிடுங்கள். கால் நிற்காது என்று பயப்பட வேண்டாம். அதை அவரிடம் விடுங்கள்.

என் சொல்லால் சுடலை சிறையில் இருந்தது நூற்றுப் பதினேழு நாள்.