கொடியில் காய்ந்த நீலச் சட்டை

சிறுவயதில் நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அம்மா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

எழுபதுகளில், எனக்குப் பத்து வயது. அப்பாவுக்குத் தூத்துக்குடி புதிய துறைமுகத்தில் வேலை. வீடும் துறைமுகக் குடியிருப்பில்தான். நாசரேத்தில் படித்த அம்மா பள்ளிக்கூட ஆசிரியை, ஊர் மாதர் சங்கத்துக்குச் செயலாளர். சங்கத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு ரொட்டி கொண்டுபோவார்கள், பிள்ளைகளுக்குப் பேன் மருந்து தேய்ப்பார்கள், ஆண்டுவிழாவில் ஒரு விதவைக்குத் தையல் மெஷின் கொடுப்பார்கள். மேடையில் மெஷினுக்குப் போட்டிருக்கும் மாலையைப் பார்த்தால் அதற்குத்தான் கல்யாணம் என்று தோன்றும்.

மெஷின் கொடுக்க ஒரு விதி உண்டு. வீட்டில் சம்பாதிக்கிற ஆண் இருக்கக் கூடாது. அதை உறுதி செய்ய, சொல்லாமல் கொள்ளாமல் வீடு பார்க்கப் போவார்கள். ஒருவர் பேச்சுக் கொடுப்பார், ஒருவர் அடுப்படியை எட்டிப் பார்ப்பார். சங்கத் தலைவி நேரே துணி காயும் கொடிக்குப் போவார். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைக் கொடி சொல்லிவிடும் என்பது அவருடைய நம்பிக்கை.

அந்த வருடம் திரேஸ்புரத்தில் இருந்த மிக்கேலின் அம்மா பெயரை என் அம்மாவிடம் சொன்னதே நான்தான். மிக்கேல் என் வகுப்பு. அவன் அப்பா கடலுக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. வள்ளமும் வரவில்லை, உடலும் ஒதுங்கவில்லை. ஊரார் அவரை இறந்தவர்களோடு சேர்த்துவிட்டார்கள். அவன் அம்மா மட்டும் கோயிலில் இறந்தோர் பூசை வைக்க ஒத்துக்கொள்ளவில்லை. வாராவாரம் அவருடைய நீலச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டாள். ஏன் என்று கேட்டபோது மிக்கேல் சொன்னான்: "அப்பா வந்தா மாத்திப் போட உடுப்பு வேணும்லா?"

வீடு பார்க்கப் போவதற்கு இரண்டு நாள் முன்பு எங்களுக்குள் சண்டை வந்தது. கரையோரம் மிதந்த ஒரு வள்ளத்தில் மிக்கேல் என்னை ஏற்றினான். அது ஒருபக்கம் சாய்ந்ததும் பயத்தில் கால்சட்டையை நனைத்துவிட்டேன். மறுநாள் வகுப்பில் நான் நுழையும்போதே அவன் கத்தினான்: "ஏலே, கப்பல்ல ஒழுக்கு! ஹார்பர் கப்பல்ல ஒழுக்கு!" மாலைவரை எனக்கு அதுதான் பெயர்.

சனிக்கிழமை காலை, வழி காட்ட என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்கள். அம்மா, தலைவி, உப்பு வியாபாரி ஒருவரின் மனைவி. மிக்கேல் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். அவன் அம்மா பதறிப்போய் முந்தானையால் பெஞ்சைத் துடைத்தாள். "இரிங்கம்மா, ஒரு வாய் காப்பி போடுதேன்" என்று உள்ளே ஓடினாள்.

தலைவி கொடியைப் பார்த்துவிட்டார். நீலச் சட்டை ஈரமாக ஆடிக்கொண்டிருந்தது.

"ஏளா, இது யாரு சட்டை?"

"எங்க வீட்டுக்காரருதும்மா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

"அவரு எங்க?"

"கடலுக்குப் போயிருக்காரும்மா. வந்துருவாரு."

தலைவி அம்மாவின் பக்கம் திரும்பினார். "என்ன டீச்சர், விதவைன்னுலா எழுதியிருந்திய?"

அம்மாவின் முகம் சிவந்தது. அந்தப் பெயருக்காக அவள் கூட்டத்தில் வாதாடியிருந்தாள். "இவன்தான் சொன்னான்" என்றவள் என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "ஏலே, நெசத்தச் சொல்லு. மிக்கேல் அப்பா இருக்காரா, இல்லையா?"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு உண்மை தெரியும். அந்தச் சட்டையின் கதையை நான் சொல்லியிருந்தால் தலைவிகூடக் கண்ணைத் துடைத்திருப்பார். என் காதில் வகுப்பின் சிரிப்புத்தான் கேட்டது.

"இருக்காரு" என்றேன். போதாது என்று தோன்றியது. "போன வாரம் பாத்தேன்."

உள்ளே டம்ளர் சத்தம் நின்றது.

தலைவி கிளம்பிவிட்டார். மிக்கேலின் அம்மா காப்பியோடு வெளியே வந்தபோது மூவரும் தெருவில் இருந்தார்கள். அம்மா மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நான் கடைசியாக நடந்தேன். சந்து திரும்பும் இடத்தில் பின்னாலிருந்து ஒரு கை என் கையைப் பற்றியது. அடி விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"எங்கனய்யா பாத்த?" மூச்சு வாங்கியது மிக்கேலின் அம்மாவுக்கு. "எங்கன வச்சுப் பாத்த?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "புது ஹார்பர் வாசல்ல."

"மெலிஞ்சிருக்காரா?"

தலையாட்டினேன். அவள் என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரல்களை முத்தமிட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை மிக்கேல் சண்டைக்கு வரவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் கேட்காமல், "நெசமாலே?" என்றான். இல்லை என்று சொல்ல அது இரண்டாவது வாய்ப்பு. "சத்தியமா" என்றேன். அதற்குப் பிறகு அவன் என்னைக் கேலி செய்யவே இல்லை.

மெஷின் ஆறுமுகநேரி உப்பளத்தில் வேலை செய்த ஒரு விதவைக்குப் போனது. அவளும் தகுதியானவள்தான். விழா முடிந்து திரும்பும் வழியில், துறைமுக வாசலுக்கு எதிரே மிக்கேலின் அம்மா உட்கார்ந்திருந்தாள். வேலை முடிந்து வெளியே வரும் ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் அந்த நீலச் சட்டை, மடித்து வைத்திருந்தது.

"வேல கேட்டு இருக்கா போலுக்கு, பாவம்" என்றாள் அம்மா.

நான் கார் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை. மெஷின் கிடைக்காததை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன்.