கார் தரிப்பிடத்துக்குள் ரோமர் சதுக்கம்: ஆஸ்துமாப் பிள்ளையோடு போகலாமா?

இந்த நேரத்தில் பதிவு போடுவதற்கு மன்னியுங்கள். மகள் தூங்கிய பிறகுதான் கை ஓய்ந்தது. வியாழக்கிழமை அவளுடைய வகுப்பு, பழைய ரோமர்களின் பொதுச் சதுக்கத்தில் மிஞ்சியிருப்பதைப் பார்க்கப் போகிறது. அது இருப்பது ஒரு நிலத்தடிக் கார் தரிப்பிடத்தில். மகளுக்கு ஏழு வயது, ஆஸ்துமா. போன குளிர்காலத்தில் ஓரிரவு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அனுப்புவதா இல்லையா என்று திங்கள் காலை ஆசிரியைக்குச் சொல்ல வேண்டும். அதனால் இன்று நாங்களே போய்ப் பார்த்தோம். துணைக்கு மச்சாள், என் கணவரின் தங்கை.

எங்கள் வீடு இருக்கும் மார்க்ஸ் டோர்மோயிலிருந்து லா சப்பல் வழியாகக் கார் து நோர் ரயில் நிலையம் வரை இருபது நிமிட நடை. அங்கிருந்து பி தட ரயிலில் லுக்சம்பூர்க் நிலையம், பத்து நிமிடம். பெரியவர்களுக்கு இரண்டரை யூரோ, பிள்ளைக்குப் பாதி. தரிப்பிடம் நிலையத்துக்குப் பக்கத்திலேயே. உள்ளே மிஞ்சியிருக்கும் ரோமர் சுவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. படியில் இறங்கும்போதே பெற்றோல் வாசம். போனில் சிக்னலும் போய்விட்டது. என் சால்வையால் மகளின் மூக்கை மூடினேன்.

கண்ணாடிக்குப் பின்னால், சின்னக் கற்களை அடுக்கிக் கட்டிய சுவர்த் துண்டு. அவ்வளவுதான்.

"இதுக்கோ என்னை இழுத்துக்கொண்டு வந்தனீ? எங்கடை சமைக்கிற குசினிச் சுவர் இதைவிட வடிவு," என்றாள் மச்சாள். "பிள்ளையின்ரை மூக்கை விடு. நீயும் ஒருக்கா மூச்சு விடு."

விட்டேன். மகள் கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சு அதில் புகையாகப் படிந்து மறைந்தது, திரும்பப் படிந்தது. சீராகத்தான் இருந்தது. ரோமர்களை நான் பார்க்கவில்லை, அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒரு கார் கிளம்பியது. மகள் இருமினாள். அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி ஓடினேன். மேலே வந்ததும் நெஞ்சில் விசில் சத்தம். ஆஸ்துமா மருந்துப் பம்பை வாயில் வைத்து இரண்டு தரம் அடித்தேன், கால் மணியில் அடங்கியது.

"கார்ப் புகையாலையோ, நீ குலுக்கிக்கொண்டு ஓடினதாலையோ, ஆருக்குத் தெரியும்," என்றாள் மச்சாள். எனக்கும் தெரியவில்லை.

எப்போதும் பிரெஞ்சில் பதில் சொல்லும் மகள், எனக்கு நன்றாக உறைக்கட்டும் என்றோ என்னவோ, தமிழில் கேட்டாள்: "எல்லாரும் போவினம். நான் மட்டும் வேறை வகுப்பிலை இருக்கோணுமோ?"

போகிறவர்கள் பம்பைப் பையின் அடியில் வைக்காமல் கையில் வைத்திருங்கள். கார்கள் குறைவான காலை நேரம் நல்லது என்று நினைக்கிறேன், உறுதியாகச் சொல்ல முடியாது. ஆஸ்துமா உள்ள பிள்ளையோடு அங்கே இறங்கியவர்கள் இருந்தால், என்ன நடந்தது என்று திங்கள் காலைக்கு முன் எழுதுங்கள். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.