ஒண்டேகால் ரயர் போகுமோ தம்பி?

சைக்கிள் கடைக்கு வேலைக்கு வருகிறவன் முதலில் திருகாணி முடுக்கப் பழக வேண்டும் என்று நினைத்துத்தான் நான் சேர்ந்தேன். "போகாது" என்ற ஒரு சொல்லைச் சத்தமாகச் சொல்லப் பழகுவதுதான் பெரிய வேலை என்று பிறகுதான் தெரிந்தது. தையல் கடையிலோ சப்பாத்துக் கடையிலோ நின்று "இது உங்களுக்குக் கொள்ளாது" என்று சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு என் பாடு விளங்கும்.

எங்கள் கடை சுன்னாகம் சந்தைக்குப் பக்கத்தில். வெளிநாட்டுச் சாமான்கள் தாராளமாக வரத் தொடங்கியிருந்த காலம். ஒரு இஞ்சி, அதாவது ஒரு அங்குல அகல ரயர் பூட்டிய ரேசிங் சைக்கிள்கள் ஊருக்குள் வந்தன. எங்கள் ஊரின் கல் நிறைந்த குறுகிய ஒழுங்கைகளில் அந்த மெல்லிய ரயர் இரண்டு நாள் தாங்காது. ஆகவே எல்லோரும் ஒன்றேகால் இஞ்சி ரயர் கேட்டு வந்தார்கள். முதலாளி சின்னராசா அண்ணை ஒருவருக்கும் மறுப்புச் சொல்வதில்லை. "பூட்டடா, ஓட ஓட இடம் பிடிக்கும்" என்பார். பூட்டுகிறவன் நான். என் குரலோ பக்கத்தில் நிற்கிறவருக்கே பாதிதான் கேட்கும்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் இணுவில் பக்கத்து மருத்துவமாது. ஊரில் எல்லோருக்கும் அவர் மிஸ்ஸி. பிள்ளை பிறக்கப்போகும் வீட்டுக்கு அவர் நேரத்தோடு போய்ச் சேருவாரா என்பது என் கையில் வந்து நின்றது. அதற்கு முன்னர் நான் இரண்டு இடத்தில் அடிபட்டதையும் சொல்லிவிடுகிறேன்.

காற்றடித்தால் நிற்கும்

முதல் வேலை ஒரு வெங்காயத் தரகரின் ரேசிங் சைக்கிள். ஒன்றேகால் ரயரைப் பூட்டிப் பின்சில்லைச் சுழற்றினேன். ஓரிடத்திலும் முட்டவில்லை. எனக்கே பெருமை தாங்கவில்லை. தரகர் ஏறப்போனவர், "காத்து?" என்று கேட்டார். அதை நான் மறந்தே போனேன். பம்பை அடிக்க அடிக்க ரயர் பொங்கிக்கொண்டு வந்து, சில்லுக்கு மேலே பிறேமில் இருக்கும் குறுக்குத் துண்டில் போய் முட்டிக்கொண்டது. காற்றைத் திறந்தால் சுற்றுகிறது, அடித்தால் நிற்கிறது. நாலாவது தரம் இரும்பின் மனம் இளகும் என்று நினைத்தவன்போல மூன்று தரம் அடித்துப் பார்த்தேன்.

தரகர் கோபிக்கவில்லை. பழைய ரயரையே திருப்பிப் பூட்டச் சொல்லிவிட்டு, சந்தைப் பக்கம் ஒருதரம் பார்த்தார். "பரவாயில்லைத் தம்பி, இதை இப்பிடியே விட்டிருந்தாலும் 'காத்தே அடிக்கத் தேவையில்லாத சைக்கிள்' எண்டு சொல்லி நான் வித்துப் போட்டிருப்பன்."

மாஸ்ரரின் கணக்கு

உடுவிலில் இருந்து ஒரு கணக்கு மாஸ்ரர் வந்தார். கையில் அடிமட்டம். பின்சில்லுக்கு இரு பக்கமும் போகும் குழாய்களுக்கு நடுவில் அளந்தார். "ஒண்டரை இஞ்சி. அதிலை ரயர் ஒண்டேகால். மிச்சம் கால். பக்கத்துக்கு அரைக்கால் இஞ்சி. போகும். பூட்டும்." கரும்பலகையில் எழுதினதுபோல இருந்தது. ரிம் கொஞ்சம் நெளிவு, சுற்றும்போது பக்கம் பக்கமாக ஆடும், ஆள் ஏறினால் இன்னும் ஆடும் என்று நான் சொன்னேன். சொன்னது அவருக்குக் கேட்டதா என்பது எனக்குத் தெரியாது. முதலாளிக்குக் கேட்டது. "மாஸ்ரருக்கே படிப்பிக்கிறாய், என்ன?" என்றார்.

பூட்டினேன். ரயில் ஸ்ரேசன் மட்டும் போயிருப்பார். திரும்பி உருட்டிக்கொண்டு வந்தார். ரயரின் ஒரு பக்கம் உரசி நூல் தெரிந்தது. சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு அடிமட்டத்தைச் சட்டைப் பைக்குள் மெதுவாகச் செருகினார். "கணக்குச் சரி தம்பி. சில்லுக்குத்தான் கணக்குத் தெரியாது."

செம்மண்

அதன் பிறகு எனக்கென்று ஒரு சட்டம் வைத்துக்கொண்டேன். முழுக் காற்று அடிக்கவேண்டும், ரிம் நெளிவு எடுக்கவேண்டும், சைக்கிளில் ஒருவரை ஏற்றி இருத்தவேண்டும். பிறகு கடை விளக்குமாற்றில் உருவிய ஈர்க்கு ஒன்று, ரயருக்கும் அதைச் சுற்றியிருக்கும் இரும்புக்கும் நடுவில், எங்கும் தடையில்லாமல் போகவேண்டும். மிஸ்ஸியின் சைக்கிளுக்கும் அப்படித்தான் செய்தேன். அவருடைய தம்பி கப்பலில் இருந்து கொண்டுவந்த சைக்கிள் அது. பார் இல்லாமல், சேலையோடு ஏறக்கூடியது. ஆவணி வெயிலில் பூட்டினது. ஈர்க்குப் போனது. நானும் நிம்மதியாக இருந்தேன்.

கார்த்திகை மழை தொடங்கியது. எங்கள் செம்மண் காய்ந்தால் தூள், நனைந்தால் பசை. தோட்டத்து ஒழுங்கை ஒன்றில் அது ரயரோடு சுற்றிக்கொண்டு போய், சில்லுக்கு மேலே சேறு மறிக்கும் மட்காட்டுக்குள் இறுகி, சில்லை அசையாமல் பிடித்துவிட்டது. மிஸ்ஸி சைக்கிளை வேலியில் சாத்திவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் நடந்தார். போய்ச் சேருமுன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பிள்ளையை ஏந்திவிட்டாள்.

அடுத்தநாள் காலை சைக்கிள் மாட்டுவண்டியில் கடைக்கு வந்தது. நான் தலை நிமிரவில்லை. மிஸ்ஸி ஏசவுமில்லை. "தாயும் பிள்ளையும் சுகம். அது கடவுள் செயல். வாற கிழமை இணுவிலிலை இன்னொரு பிள்ளை பாத்திருக்கு. அது எனக்காகவும் காத்திராது, உம்மடை ரயருக்காகவும் காத்திராது தம்பி."

சேறு குழைத்த ஞாயிறு

பழைய மெல்லிய ரயரைப் போடலாம்தான்; ஆனால் கல்லுக்குத் தாங்காது. மட்காட்டைக் கழற்றிவிடலாம்; ஆனால் வெள்ளைச் சேலையில் முதுகுவரை சேறு தெறிக்கும், அந்தக் கோலத்தில் பிள்ளைப் பேற்று வீட்டுக்குள் போகமுடியாது. ரயரும் வேண்டும், மட்காட்டும் வேண்டும், நடுவில் இடமும் வேண்டும். எவ்வளவு இடம் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் இந்தச் சைக்கிளைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டு. வெங்காயத் தோட்டத்துத் தறையில் இருந்து ஒரு கடகப் பெட்டி நிறையச் செம்மண் எடுத்துவந்து, கடை வாசலில் தண்ணீர் விட்டுக் குழைத்தேன். சைக்கிளை நிலத்தில் முட்டாமல் தூக்கிக் கட்டிச் சில்லைச் சுழற்றிச் சுழற்றிச் சேறு போட்டேன். ஒரு ஈர்க்கு இடைவெளியில் இரண்டு பிடி மண்ணுக்கே சில்லு நின்றது. மட்காட்டைக் குறுக்குத் துண்டில் இருந்து கழற்றி, பின்பக்கக் கம்பியில் மட்டும் பிடித்து உயர்த்தினேன். இரண்டு ஈர்க்கு இடைவெளியில் கொஞ்சம் முனகிவிட்டு நின்றது. மூன்று ஈர்க்கைச் சேர்த்துக் கட்டினால் வரும் இடைவெளியில் சேறு தானே கழன்று விழுந்தது. நான் கடகம் முழுவதையும் போட்டும் சில்லு நிற்கவில்லை. உடம்பெல்லாம் சிவப்பாக நான் எழும்பி நிற்க, எதிர்த் தேத்தண்ணிக் கடைக்காரர் கிளாசோடு வெளியே வந்து பார்த்தார். "சைக்கிளை நட்டாச்சோ? எப்ப காய்க்கும்?"

வாளுக்குப் போன மட்காட்

மட்காட்டைத் திருப்பிப் பூட்டியபோது மூன்று ஈர்க்கு இடைவெளி எல்லா இடத்திலும் கிடைத்தது, பின்பக்கக் குறுக்குத் துண்டுக்கு நேரேயும் முன்பக்கத்தில் அதேபோன்ற இடத்திலும் தவிர. அங்கே மட்காட்டின் தகடே இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தில் நாலு விரல் அகலத்துக்குத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டால், குறுக்குத் துண்டே சேற்றை மறிக்கும். திங்கள் காலை இரும்பறுக்கும் வாளை எடுத்தேன். முதலாளி ஓடிவந்தார். "வெளிநாட்டுச் சாமானடா! பூட்டிக் குடு, ஓட ஓட..."

"ஓட ஓட இறுகும், அண்ணை. இடம் காணாது. வெட்டத்தான் வேணும்."

எதிர்க் கடையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவ்வளவு சத்தம் எனக்குள் இருந்ததை நானும் அன்றுதான் அறிந்தேன். வெட்டினேன். கூர் இல்லாமல் முனைகளை மடித்து அடித்து, இரண்டு துண்டையும் கம்பி கொடுத்து இறுக்கினேன். பின்னேரம் மிஸ்ஸி வந்தார். வெட்டின இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஏறிப் போனார். முதலாளி ஒழுங்கை முனைமட்டும் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஆடு கடிச்ச மட்காட்டோடை மனிசி போகுது. திரும்பி வந்தால் நான் வீட்டை போயிட்டன் எண்டு சொல்லு."

இணுவில் பிள்ளை

புதன்கிழமை பகல் முழுக்க மழை. மற்றவர்கள் மழையைப் பார்த்தார்கள். நான் அந்த ஒழுங்கையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். வியாழன் காலை, முழங்கால்வரை சிவந்த சேறு காய்ந்த ஒரு தோட்டக்காரர், ஒரு கடதாசிச் சரையில் கற்கண்டோடு கடைக்குள் வந்தார். மிஸ்ஸியின் மட்காட்டை வெட்டினவன் யார் என்று கேட்டார். முதலாளி உடனே என்னைக் காட்டினார்.

மனைவிக்குப் பிள்ளைப் பேற்று நோ தொடங்கியதும் அவர் தன் பெரிய சைக்கிளில் மிஸ்ஸியைக் கூட்டிவரப் போயிருக்கிறார். திரும்பும் வழியில் அதே சேறு அவருடைய சில்லைப் பிடித்துவிட்டது. அவர் ஒழுங்கைக்கு நடுவில் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டு நிற்க, பின்னால் வந்த மிஸ்ஸி மணியடித்திருக்கிறார். கற்கண்டை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பெட்டைப்பிள்ளை, சுகம். ஆனால் தம்பி, பிறக்கப்போறது என்ரை பிள்ளை. அவ என்னைத் தாண்டிப் போகேக்கை, 'நீர் ஆறுதலாய் வாரும், இனி உம்மட்டை ஒரு வேலையுமில்லை' எண்டிட்டெல்லோ போறா!"

இப்போதெல்லாம் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால், ரயருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று உள்ளதைச் சொல்கிறேன். எனக்குப் பெண் பார்க்கப் போகிறவர்கள் மட்டும், தயவுசெய்து இதை வேறுவிதமாகச் சொல்லும்படி கேட்கிறார்கள்.